பலகையில் இரண்டாவது கோடு

ஞாயிறு காலை ஆறரைக்கு
படகுக் கொட்டகைச் சாவி என்னிடம்.
மஸ்கெலியாப் பக்கம் பனி இன்னும் எழும்பவில்லை.
கொழும்புக் கார்கள் மூன்றோ நாலோ,
பெட்டி பெட்டியாகத் தூண்டில்,
பிளாஸ்கில் கோப்பி.

என் வேலை அளப்பது.
நாலடிப் பலகை, தலைமாட்டில் ஒரு தடுப்பு,
பன்னிரண்டு அங்குலத்தில் கறுப்புக் கோடு.
கோட்டைத் தொடாத மீன் தண்ணிக்கு,
தொட்டது ஐஸ் பெட்டிக்கு.
கழகம் போட்ட சட்டம் அவ்வளவுதான்.

கோடு எனக்குப் புதிதில்லை.
பன்னிரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள்.
தராசு முள் பதினெட்டைத் தொடாவிட்டால்
அரைப்பேர்.
ஒரு கிலோ குறைந்தால் அரைநாள் குறையும் கணக்கை
எந்தப் பள்ளியிலும் சொல்லித் தந்ததில்லை.
அதனால் குட்டி மீன்களை விடும்போது
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்:
அளவு குறைந்தால்
இங்கே வீட்டுக்குப் போகலாம்.

ஆனி மாதம். மழை பிடித்து மூன்று நாள்.
நீர் ஏறி மானாப்புல் வரைக்கும் வந்து
கோடையில் தலைகாட்டிய பழைய கோயில்
மறுபடி மூழ்கியிருந்தது.
இந்த நாட்களில்தான் கெண்டைகள் ஓரத்துக்கு வரும்,
முழங்கால் தண்ணியில் புல்லைக் கலக்கும்.
தூரத்திலிருந்து கேட்டால்
யாரோ துணி துவைக்கிற சத்தம்.

பெல்பொல ஐயா அன்று பிடித்தது
முப்பத்தொரு அங்குலம்.
இஞ்ஞாசி வலையோடு இடுப்புவரை இறங்கித்தான்
கரைக்குக் கொண்டுவந்தான்.
பலகையில் கிடத்தினேன்.
கறுப்புக் கோடு அதன் வயிற்றுக்கு அடியில்
காணாமல் போனது.
எவ்வளவு என்றார். சொன்னேன்.
கைதட்டினார்கள்.
போட்டோவுக்குத் தூக்கியபோது பிடி இறுகி
என் கைச்சட்டையில் வழிந்தது,
மஞ்சள் ஏறிய சவ்வரிசி போல.

குழாயடியில் அலசும்போது
எண்ணிப் பார்த்தேன்.
ஒரு நகத்தின் மேல் இருபத்தாறு.
அதோடு விட்டுவிட்டேன்.

நேர்சரிக்குப் பின்னால் ஒரு துண்டு மலை உண்டு.
தாய்ச்செடிகள்.
கூடையோடு அந்தப் பக்கம் திரும்பினாலே
கணக்கப்பிள்ளை கத்துவார்.
கொழுந்து கிள்ளக் கூடாது.
ஆளுயரம் வளர்ந்து நின்று
ஒரு தோட்டத்துக் கன்றுகளுக்கெல்லாம் கொப்புக் கொடுக்கும்.
தேயிலையில் எதைத் தொடக்கூடாதென்று
துரைமாருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.
தண்ணிக்குள் மட்டும்
பெரியதற்குக் கோப்பை, கைதட்டல்,
சுவரில் படம்.

கொட்டகைக்கு வர்ணம் பூசிய டின்னில்
அடியில் கொஞ்சம் சிவப்பு கிடந்தது.
வியாழக்கிழமை, யாரும் இல்லை.
இருபத்திரண்டு அங்குலத்தில்
இன்னொரு கோடு இழுத்தேன்.
கை நடுங்கிக் கோடு சரிந்துவிட்டது.
இஞ்ஞாசி வந்து பார்த்தான்.
"யார் போடச் சொன்னது?"
"காயட்டும், தொடாதே" என்றேன்.

கறுப்புக்குக் கீழே விடு.
சிவப்புக்கு மேலே விடு.
நடுவில் உள்ளதைத் தின்.

"எப்போதிருந்து?" என்றார் பெல்பொல ஐயா.
"போன கிழமையிலிருந்து, சேர்."
"கமிட்டியா?"
ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கமிட்டி என்று அவரே எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அவருக்கே விழுந்தது.
வால் சிவப்பைத் தாண்டி
ஒரு பெருவிரல் அகலம்.
"கொஞ்சந்தானே" என்றார், மெதுவாக.
"கொழுந்துத் தராசிலும்
கொஞ்சந்தான், சேர்."
விளங்கியதோ இல்லையோ,
மற்றவர்கள் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த பக்கம்
ஒருதரம் பார்த்தார்.
பிறகு நல்ல காற்சட்டையோடு
சேற்றில் முழங்காலிட்டார்.

தண்ணிக்குள் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு
அது செவுள் விரிக்கும்வரை காத்திருந்தார்.
அவ்வளவு பொறுமை அவரிடம் இருக்குமென்று
நான் நினைத்திருக்கவில்லை.
மீனுக்கு மரியாதை தெரியாது,
வாலால் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.
அவர் சிரித்ததை இஞ்ஞாசி மட்டும்
போட்டோ எடுத்தான்.

கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது.
சாவிக்கொத்துக்குப் பக்கத்தில்
ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.
மழை விட்டு, புல்லோரச் சத்தம் ஓய்ந்தபிறகு
பிரிக்கலாம்.